ஆட்டிடம் சொன்ன வசனம்

என் வேலை என்னவென்று பிள்ளையார்பாளையத்தில், என் மாமனார் வீட்டுத் தெருவில், யாருக்கும் ரொம்ப நாள் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது தரகர் "கம்ப்யூட்டர் லைன்" என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை, எனக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது. உண்மையில் நான் வீடியோ கேம்களில் வருகிறவர்களுக்கு வசனம் எழுதுகிறேன். ஒருமுறை மாமனாரின் நண்பரிடம் இதை விளக்கிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "அதுல சுட்டுக்கினுதான இருப்பாங்க? நடுவுல பேசறாங்களா இன்னா?" என்றார். அன்றிலிருந்து நானும் கம்ப்யூட்டர் லைன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

பேசுகிறார்கள். ஆனால் கதாநாயகனுக்கு எழுத வேறு பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் ஓரமாக நிற்கிறவர்கள்: காவலாளி, டீக்கடைக்காரர், பூக்காரம்மா, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர். லேசான வேலை என்று நினைக்கவேண்டாம். சினிமாவில் யார் எப்போது வருவார் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். கேமில் ஆடுகிறவன் எந்தப் பக்கமிருந்து, எந்த லட்சணத்தில் வருவான் என்று ஆண்டவனுக்கே தெரியாது. என் டீக்கடைக்காரர் "வாங்க தம்பி, உங்கள மாதிரி நல்ல புள்ளைங்கதான் இந்தத் தெருவுக்கே அழகு" என்பார். அந்த நல்ல பிள்ளை சற்று முன்புதான் அவர் கடை பாய்லரை சைக்கிளால் இடித்துத் தள்ளியிருக்கும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆடுகிறவன் அதே கடையைத் தாண்டும்போதெல்லாம் அதே வசனம் காதில் விழும். முதல் தடவை சிரிப்பு வரும். அப்புறம் புன்னகை. அப்புறம் அந்த டீக்கடைக்காரரைக் கொல்ல ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று தேடுவான். இந்த உண்மையை நான் தொழிலில் கற்றுக்கொள்ளவில்லை. என் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் என் ஜோக்குகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தவள், இப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோ, போனில் ஆடும் கேம் ஒன்றைத் தமிழிலேயே செய்துகொண்டிருந்தது. ஒரு கோயில் ஊரில் ஒரு பையன் சைக்கிளில் போய்ச் சாமான்கள் கொண்டுசேர்ப்பான், அவ்வளவுதான் கதை. துப்பாக்கி கிடையாது. கேமில் அவன் முதலில் போய் நிற்பது ஒரு நெசவாளர் வீட்டு அம்மாவிடம். அந்த அம்மா தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருப்பார், அதாவது தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் ஏற்றிக்கொண்டிருப்பார். அவர்தான் பையனுக்கு முதல் வேலையைச் சொல்லவேண்டும்: இந்த ஜரிகை டப்பாவைக் குளத்துக்குப் பின்னால் இருக்கும் தறிக்காரரிடம் கொடு, ஜரிகை இல்லாமல் அவர் தறி நிற்கிறது.

சோதனைக்காகத் தற்காலிகக் குரல்கள் பதிந்து அனுப்பச் சொன்னார்கள். காசு மிச்சம் பிடிக்க எல்லாக் குரலையும் நானே கொடுத்தேன். காவலாளி, டீக்கடை, ஆட்டோக்காரர் எல்லாம் நான். ஸ்டூடியோவில் என்னோடு வேலை பார்க்கும் டிசைனர் பெண் கேட்டுவிட்டு, "அண்ணா, இந்த ஊர்ல எல்லாரும் ஒரே அம்மா வயித்துப் புள்ளைங்களா?" என்றாள். தார் சுற்றும் அம்மாவுக்காவது வேறு ஆள் பிடிக்கலாம் என்று மனைவியைக் கேட்டேன். தான் வீட்டில் பேசுவதையே நான் கேட்பதில்லை, இதில் ஊருக்கு வேறு பேசவேண்டுமா என்று முடித்துவிட்டாள்.

இந்தப் பேச்சு நடந்தது மாமியார் வீட்டில். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து நிஜமாகவே தார் சுற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் என்னிடம் நேராக எதுவும் சொல்வதில்லை. "வாங்க மாப்ளே", "சாப்புடுங்க மாப்ளே", இந்த இரண்டுக்கு மேல் மருமகனிடம் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. முற்றத்து மூலையில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "நம்ம பேசனா யாரு கேக்கப்போறா, நமுக்கு இன்னா படிப்பா இருக்குது" என்றார்.

இந்த ஆட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏதோ வேண்டுதலுக்காகச் சாமிக்கு நேர்ந்துவிட்டு வாங்கிவந்த வெள்ளாடு. வேண்டுதல் பலித்தது. ஆனால் ஆடி போனால் தை, தை போனால் ஆடி என்று தள்ளிக்கொண்டே போய், இப்போது ரேஷன் கார்டில் பேர் இல்லையே தவிர வீட்டு ஆள்தான். சாமியும் அதிகம் வற்புறுத்தவில்லை.

அன்றே குரல் பதிந்தோம். உள் அறையில் போர்வையும் பட்டுப் பாவு நூலும் அடுக்கியிருந்ததால் எதிரொலியே இல்லை. சென்னையில் பணம் கொட்டிக் கட்டுகிற ரெக்கார்டிங் அறை அது. மாமனார் தறியை நிறுத்திவிட்டு, தறிக்குழியில் காலை விட்டபடியே காத்திருந்தார். நடுநடுவே "முடிஞ்சிதா?" என்று குரல் கொடுத்து ஒவ்வொரு பதிவையும் கெடுத்தார்.

மாமியார் நான் எழுதியதைப் படிக்கவில்லை. ஒருமுறை கேட்டுக்கொண்டு அவர் பாட்டுக்குப் பேசினார்: "வாப்பா, உக்காரு. இன்னா வெயிலு, இதுல சைக்கிள எடுத்துக்கினு வந்துக்கீறியே. தண்ணி குடிக்கறியா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலயா?" இப்படிப் போய்ப் போய், கடைசியில் ஒருவழியாக ஜரிகை டப்பா வந்தது. டிசைனர் பெண் அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். "அண்ணா, இவங்க பேசறப்போ போன்ல இருந்து காபி வாசன வருது. டெஸ்ட்ல ஓகேன்னா இவங்களையே வெச்சுக்கலாம்."

இதை நான் மாமியாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. 'டெஸ்ட்ல ஓகேன்னா' என்ற பகுதியையாவது சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும். மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்தது. பால்காரர், சாயப்பட்டறைக்காரர், கூரத்தில் இருக்கும் அவர் தங்கை, ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலை, எல்லோருக்கும் போனில் தன் குரல் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். பெரிய சங்கதி என்று சொல்லவில்லை. "சும்மா ரெண்டு வார்த்தை பேசன்னாங்க, பேசிக் குடுத்தேன்" என்ற தோரணையில் சொல்லியிருக்கிறார். அதுதான் இன்னும் ஆபத்து.

டெஸ்ட் நடந்தது. அதாவது காலேஜ் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து ஆடச்சொல்லி வீடியோ எடுப்பார்கள். வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். முதல் பையன் மாமியார் முன்னால் சைக்கிளை நிறுத்தினான். "வாப்பா" என்றார். பையன் பேச்சைத் தாண்டிப்போகிற ஸ்கிப் பட்டனைத் தட்டினான். "இன்னா வெ" தட்டு. "தண்ணி கு" தட்டு. ஜரிகை டப்பாவையும் சேர்த்துத் தட்டிவிட்டு வெளியே வந்தான். என்ன வேலை என்று அவனுக்குத் தெரியாது. குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் சலித்துப்போய்க் குளத்துக்குள்ளேயே சைக்கிளை விட்டான். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவனும்.

டிசைனர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அடுத்த டெஸ்ட்லயும் இதே மாதிரி தட்டிட்டுப் போனா, அந்த கேரக்டரையே தூக்கிட்டு ஆரோ மார்க் வெச்சிடலாம்னு மேல சொல்றாங்கண்ணா."

மாமியாருக்குப் பதிலாக ஓர் அம்புக்குறி. எத்தனையோ மருமகன்களின் கனவு இது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அம்மா தெருவில் நடமாடவேண்டும், அதை யோசித்துவிட்டுச் சிரி என்றாள். நான் சிரிப்பை நிறுத்தி யோசித்தேன். யோசித்தால், அந்தத் தெருவில் நானும் நடமாடவேண்டியிருந்தது.

முதலில் வசனத்தைக் குறைத்துப் பார்த்தேன். "தம்பி, இந்த ஜரிகை டப்பாவைக் குளத்துக்குப் பின்னால் இருக்கும் தறிக்காரரிடம் கொடு." ஒரே வரி, ஸ்கிப் செய்வதற்குள் முடிந்துவிடும். மாமியார் பதிவுக்காகப் போர்த்திய போர்வைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டார். என் மனைவியைக் கூப்பிட்டு, வந்தவனை வா என்று கூடச் சொல்லாமல் வேலை சொல்வது என்ன பழக்கம், இவர்கள் சென்னையில் அப்படித்தானா என்று விசாரித்தார். கடைசியில் எனக்காக மனமிரங்கி ஒருமுறை சொன்னார். கேட்டால், செங்கல்பட்டு பஸ் எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது போல இருந்தது. டிசைனர் பெண்ணும் காபி வாசனை போய்விட்டது என்றாள்.

அவளே அடுத்த யோசனை சொன்னாள். தட்டிவிட்டுப் போகிறவன் போகட்டும், வாசலைத் தாண்டும்போது அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லட்டும். அப்போது ஸ்கிப் பட்டனே வராது. நல்ல யோசனை. நான் உற்சாகமாக எழுதிக்கொண்டு போனேன்: "ஏம்பா, நில்லு. டப்பாவை மறந்துட்டியே."

மாமியார் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். இந்த முறை மனைவி வழியாகக்கூட இல்லை, நேராக என்னிடமே. எவ்வளவு தீவிரம் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

"வெளிய போறவங்கள பின்னால கூப்புடக் கூடாது மாப்ளே. போற காரியம் கெட்டுரும்."

"இது கேம் அத்தை. நிஜமாவா போறான்?"

"சைக்கிள்லதான போறான். ரோட்டுல போறான். எந்தத் தாயி பெத்த புள்ளையோ."

அந்தப் பிள்ளையை ஒரு தாயும் பெறவில்லை, அவனை வரைந்தவர் வேளச்சேரியில் இருக்கிறார் என்று சொல்ல வாய்வரை வந்தது. தறிக்குழியிலிருந்து மாமனார் "அவ சொல்றது கரெக்ட்டுதான்" என்றார். பின்னாலிருந்து கூப்பிட்டால் நானே செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். எந்த முகத்தோடு வாதாடுவது?

டெஸ்ட் நெருங்கிவிட்டது. அதற்குள் நான் பண்ணிய முட்டாள்தனம் ஒன்று பாக்கி இருந்தது. ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்று மாமியார் மனைவியைத் துளைத்திருக்கிறார். அவள் என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். விளக்கிச் சொல்லத் தெரியாமல் அந்த வீடியோவையே போனில் போட்டுக் காட்டினேன். வசனம் எழுதுகிறவனுக்கு வாய் வராத நேரங்கள் உண்டு.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "வாப்பா", தட்டு. "தண்ணி கு", தட்டு. ஒவ்வொருவராகத் தட்டிவிட்டுப் போவதை முழுதாகப் பார்த்தார். குளத்தில் சைக்கிள் விழுந்ததற்குக்கூடச் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"எதாவது அவசரமா மாப்ளே அவங்களுக்கு?"

ஆமாம் அத்தை, பரீட்சை நேரம் என்றேன். நான் எழுதியதிலேயே மட்டமான வசனம் அதுதான்.

அவர் எழுந்துபோய் ஆட்டுக்கு அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்துப் போட்டார். நான் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். ஒரு செருப்பை மாட்டினேன். இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை.

"உனுக்கு இன்னா, நீ பாட்டுக்குத் தழைய தின்னுக்கினு இருக்கறே. நாலு பேருகிட்ட சொல்லி வெச்சிட்டு இப்போ இல்லன்னா நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

ஆடு மென்றது. நான் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றேன்.

நின்றேன் என்பதுதான் விஷயம். யாரும் என்னை நிறுத்தவில்லை, கூப்பிடவில்லை, அபசகுனம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் எனக்குச் சேரவேண்டிய முக்கியமான செய்தி எல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறது. உள்ளே காபி, பலகாரம், அம்மாவுக்கு முட்டி வலி. நான் செருப்பு மாட்டும்போதுதான் ஆட்டுக்குத் தகவல் போகும். கல்யாணமான புதிதில் "ரெண்டு பேரா எத்தினி நாளைக்கு இருப்பாங்க, மூணாவது எப்போன்னு தெருவுல கேக்கறாங்க" என்பது ஆட்டிடம் சொன்னது. நான் மீசை வளர்த்தபோது "நல்லா இருந்த மூஞ்சி" என்று பெருமூச்சு விட்டது ஆட்டிடம். அந்த வாரமே மீசையை எடுத்தேன். நேராகச் சொல்லியிருந்தால் எடுத்திருக்கமாட்டேன்.

மற்ற செருப்பைத் தேடாமல், மாட்டியதையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "அத்தை, அந்தப் பையன்கிட்ட எதுவும் சொல்லவேண்டாம். ஆட்டுகிட்ட சொல்லுங்க" என்றேன். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்கு உடனே புரிந்தது. அவள் ஆட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது. அந்த ஜோக் மட்டும் என்னுடையதில்லை.

அவளே அம்மாவுக்கு விளக்கினாள். பையன் பாதியில் எழுந்து போகிறான். நீ கூப்பிடவேண்டாம். ஆட்டிடம் உன் மனதில் இருப்பதைச் சொல், அவன் காதில் விழுந்தால் விழட்டும். மாமியார் அப்படியெல்லாம் தனக்குப் பேச வராதே என்றார். தறிக்குழியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ஆடு இல்லாமல் ஆட்டிடம் எப்படிப் பேசுவது என்று ஆட்டையும் உள் அறைக்குக் கொண்டுவந்தோம். போர்வைக்குள் மாமியார், ஆடு, மைக்குக்குப் பதிலாக என் போன். போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி நான். ஆடு ஒரு பட்டுப் பாவின் பக்கம் மூக்கை நீட்டியபோது மாமனார் தறிக்குழியை விட்டு எழுந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன். மாமியார் ஆரம்பித்தார்:

"பாத்தியா? ஒக்காரு, தண்ணி குடின்னு சொன்னா காதுல வாங்கறானா? அங்க கொளத்துக்குப் பின்னால அந்த மனுஷன் ஜரிக இல்லாம தறிய நிறுத்திட்டு ஒக்காந்துக்கினு இருக்கறாரு. டப்பா இங்கியே கெடக்குது. யாருக்கு வந்த விருந்தோ."

ஆடு சரியான இடத்தில் "மே" என்றது. அதற்கு நான் வசனம் எழுதவில்லை.

ஒன்று போதாது, பையன் திரும்பத் திரும்பப் போவான், ஒவ்வொரு முறையும் வேறு வேறு வேண்டும் என்றேன். அவர் நிறுத்தவே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், சைக்கிளுக்குக் காற்று கூட அடிக்காத சோம்பேறித்தனம் என்று ஆட்டிடம் கொட்டித் தீர்த்தார். சிலவற்றைக் கேட்கும்போது, பையன் சைக்கிளில்தானே போகிறான், 'ஸ்கூட்டர்' ஏன் வருகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நான் ஸ்கூட்டரில்தான் வருகிறேன். அவற்றை அனுப்பவில்லை.

டெஸ்ட் அன்று நான் செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பிள்ளையார்பாளையத்தில் மாமியார் ஒன்றுமே நடக்காதது போலத் தார் சுற்றிக்கொண்டிருந்தாராம். ஆனால் நூல் அடிக்கடி அறுந்ததாம். மாமனார் போன் செய்து மனைவியிடம் சொன்னார்.

வீடியோ வந்தது. ஒரு பெண் சைக்கிளை நிறுத்தினாள். "வாப்பா", தட்டு. "தண்ணி", தட்டு. வெளியே போக சைக்கிளைத் திருப்பினாள். பின்னாலிருந்து, "பாத்தியா?" அவள் விரல் நின்றது. முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி ஓடியது, பார்த்தேன். மெதுவாகத் திரும்பினாள். டப்பாவை எடுத்தாள். போகும்போது "ஸாரி ஆன்ட்டி" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். அடுத்து வந்த பையன் இன்னும் மோசம். டப்பாவை எடுத்த பிறகும் போவதும் நிற்பதுமாக, அந்த அம்மா தன்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் சொல்கிறார் என்று வாசலிலேயே ஆடிக்கொண்டிருந்தான். நேரில் பேசினால் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள், தங்களைப் பற்றி ஆட்டிடம் பேசினால் கடைசி வரை கேட்கிறார்கள். குளத்தில் யாரும் விழவில்லை.

அம்புக்குறியைக் கைவிட்டார்கள். குரல் அதேதான், ஆடும் அதேதான். மாமனாரின் "முடிஞ்சிதா?" ஒன்று எப்படியோ வெட்டப்படாமல் உள்ளே போய்விட்டது. அதையும் வைத்துக்கொள்ளலாம் என்றாள் டிசைனர் பெண், வீடு மாதிரி இருக்கிறதாம்.

கேம் வந்ததும் மாமியார் போனில் போட்டுக் கொடுத்தேன். தெருப் பெண்கள் சிலர் வாசலில் கூடினார்கள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் முன்னால் தானே சைக்கிளை நிறுத்தினார். "வாப்பா, உக்காரு" என்றது போன். மாமியார் ஸ்கிப்பைத் தட்டினார். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "நான் பேசனதுதான, எனுக்குத் தெரியாதா" என்றார் பக்கத்துப் பெண்ணிடம். ஆடு வரும் இடத்தில் மட்டும் தட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சாயப்பட்டறைக்காரர் மனைவி, எங்க வீட்டுல கோழிதான் இருக்குது, கோழிக்கு ஏதாவது வேஷம் உண்டா என்று என்னைக் கேட்டார்.

கூட்டம் கலைந்தது. காபி குடித்தேன். போயிட்டு வரேன் அத்தை என்றேன். வாங்க மாப்ளே என்றார். வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினேன்.

"ஊரே நல்லா இருக்குது நல்லா இருக்குதுங்குது" என்று பின்னால் ஆட்டுக்குத் தகவல் போனது. "எழுதறவரு வாயில இருந்துதான் ஒரு வார்த்த வரல."

நான் அப்படியே நின்றேன். உண்மைதான். டெஸ்ட் வீடியோ, டிசைனர் பெண், அம்புக்குறி என்று எல்லாம் பேசினேன். அதை மட்டும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மாமியார் தார் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார், நான் வந்ததையே கவனிக்காத மாதிரி. நேராக அவரைப் பார்த்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மருமகன் இல்லையா.

ஆட்டின் பக்கம் திரும்பி, "உங்க வீட்டம்மா மாதிரி பேச எனக்கு எழுத வராது" என்றேன்.

ஆடு மென்றுகொண்டே இருந்தது. தார் சுற்றும் ராட்டையின் சத்தம் மட்டும் சற்று நின்றுவிட்டு மறுபடி கேட்டது.

"இன்னொரு வாய் காபி குடிக்கறாரான்னு கேளு" என்றார் மாமியார், ஆட்டிடம்.